பேக், லே, ஸ்பிரெட்: பந்தயச் சந்தையில் எதிரே நிற்பது யார்?

ஐபிஎல் நடக்கும் வாரங்களில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டச் செய்திப் பக்கங்களில் ஒரே அச்சில் வார்த்ததுபோல ஒரு செய்தி அடிக்கடி வரும். செல்போன் மூலம் கிரிக்கெட் சூதாட்டம், சிலர் கைது, செல்போன்களும் ரொக்கமும் பறிமுதல். அதே வாரங்களில் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் வேறொரு குரல் கேட்கும். “இது சூதாட்டம் அல்ல, டிரேடிங். எந்த அணி ஜெயித்தாலும் லாபம். புக் செட் செய்யக் கற்றுக்கொண்டால் போதும்.” ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வரும் இளைஞரின் செல்போனில் பங்குச் சந்தைச் செயலியும் இருக்கிறது, இதுவும் இருக்கிறது. இரண்டிலும் எண்கள் ஏறி இறங்குகின்றன. இரண்டிலும் வாங்க ஒரு விலை, விற்க ஒரு விலை. ஒன்றைச் செய்தால் டிமேட் கணக்கு, இன்னொன்றைச் செய்தால் காவல் நிலையம் என்பது ஏன் என்று அவர் கேட்டால் அந்தக் கேள்வியில் தவறில்லை.

‘எந்த அணி ஜெயித்தாலும் லாபம்’ என்பது முழுப் பொய்யும் அல்ல. உலகில் அப்படிச் சம்பாதிப்பவர்கள் உண்டு. அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள், அந்தப் பணம் யார் பையிலிருந்து வருகிறது என்ற இரண்டையும்தான் விளம்பரம் சொல்வதில்லை.

மண்டிக்காரரும் வியாபாரியும்

பந்தயத்தின் பழைய வடிவத்தில் எதிரே ஒரு புக்கி இருப்பார். விலை சொல்வது அவர், பணம் வாங்குவது அவர், நாம் ஜெயித்தால் கொடுக்க வேண்டியவரும் அவரே. 2000 ஜூனில் பிரிட்டனில் ஆண்ட்ரூ பிளாக், எட்வர்ட் ரே என்ற இருவர் தொடங்கிய பெட்ஃபேர் இந்த வடிவத்தை மாற்றியது. ரே அதற்கு முன் ஜே.பி. மார்கன் வங்கியில் இருந்தவர். பிளாக்கின் தாத்தா சிரில் பிளாக், சூதாட்டத்தை எதிர்த்து ஓயாமல் பேசிய நாடாளுமன்ற உறுப்பினர் என்பது வரலாற்றின் குறும்பு. இவர்கள் செய்தது இதுதான்: பங்குச் சந்தையைப் போல ஒரு மேடை அமைத்து, பந்தயம் கட்டுகிறவர்களையே ஒருவருக்கொருவர் எதிரெதிராக நிறுத்தினார்கள். நிறுவனம் எந்தப் பக்கமும் நிற்காது. ஜெயித்தவரின் லாபத்தில் கமிஷன் மட்டும் எடுத்துக்கொள்ளும். இதற்குத்தான் பெட்டிங் எக்ஸ்சேஞ்ச் என்று பெயர்.

பாலக்கோடு தக்காளிச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். விவசாயி கிரேட்டுகளை இறக்குகிறார். கமிஷன் மண்டிக்காரர் அந்தச் சரக்கை வாங்குவதில்லை. ஏலம் விட்டு, விற்ற தொகையில் தன் கமிஷனைப் பிடித்துக்கொள்கிறார். அதே இடத்தில் சொந்தப் பணம் போட்டு வாங்கி, சற்று நேரத்தில் கிரேட்டுக்குச் சில ரூபாய் கூட வைத்து இன்னொருவருக்குத் தள்ளிவிடும் வியாபாரியும் இருப்பார். அவருக்குத் தக்காளி தேவையில்லை. காலையில் விற்க வருபவருக்கும் தாமதமாக வாங்க வருபவருக்கும் நடுவில் நிற்பதுதான் அவர் தொழில். லாரி கிளம்புவதற்குள் கோயம்பேட்டில் விலை சரிந்தால் நஷ்டம் மண்டிக்காரருக்கு அல்ல, இவருக்கு.

பந்தய எக்ஸ்சேஞ்ச் என்பது கமிஷன் மண்டி. மார்க்கெட் மேக்கர் என்பவர் அந்த இரண்டாமவர். ஆனால் தக்காளியைக் கடைசியில் யாரோ குழம்பு வைத்துச் சாப்பிடுகிறார்கள். பந்தயத்தில் ஆட்டம் முடிந்ததும் சரக்கு என்று எதுவும் மிஞ்சாது. ஒருவர் பணம் இன்னொருவரிடம் போயிருக்கும், கமிஷன் கழிந்து. இந்த ஒரு வேறுபாட்டை ஒதுக்கிவிட்டால் பின்னால் வரும் கணக்கு எதுவும் புரியாது.

1.80 என்பது என்ன விலை?

எக்ஸ்சேஞ்சில் விலை தசம எண்ணாக இருக்கும். சென்னை அணியின் விலை 1.80 என்றால், 100 ரூபாய் கட்டி அணி ஜெயித்தால் கைக்கு வருவது 180. அதில் 100 நம்முடையது, லாபம் 80. நம் ஊர்ப் புக்கிகள் இதையே ‘எண்பது பைசா’ என்பார்கள்.

எந்த விலையையும் சதவீதமாக மாற்றலாம். 1ஐ அந்த விலையால் வகுக்க வேண்டும். 1.80 என்றால் 55.56 சதவீதம். ‘இந்த அணி ஜெயிக்க இவ்வளவு வாய்ப்பு’ என்று சந்தை அந்த நொடியில் சொல்லும் கணிப்பு அது. எதிரணியின் நியாயமான விலை 2.25, அதாவது 44.44 சதவீதம். இரண்டையும் கூட்டினால் 100. பழைய பாணி புக்கி இரு அணிக்கும் 1.90 கொடுப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 105.26 வரும். நூறுக்கு மேல் இருக்கும் அந்த 5.26 அவருடைய பிழைப்பு. எக்ஸ்சேஞ்சில் நல்ல கூட்டம் இருக்கும் ஆட்டங்களில் இந்தக் கூட்டுத்தொகை நூறை ஒட்டியே நிற்கும். அதனால்தான் ‘எக்ஸ்சேஞ்சில் விலை நல்ல விலை’ என்ற பேச்சு. அது உண்மைதான்.

இனிச் செய்திகளில் அடிபடும் சொற்கள்:

1. பேக்: ஒரு அணி ஜெயிக்கும் என்று கட்டுவது. உள்ளூர் வழக்கில் ‘லகாய்’. 1.80இல் 100 ரூபாய் பேக் செய்தால், ஜெயித்தால் 80 லாபம், தோற்றால் 100 நஷ்டம்.

2. லே: அந்த அணி ஜெயிக்காது என்று எதிர்ப்பக்கம் நிற்பது, அதாவது நாமே புக்கியாவது. ‘காய்’ என்பது இதைத்தான். 1.80இல் 100 ரூபாய் லே செய்தால், அணி தோற்றால் 100 லாபம், ஜெயித்தால் 80 நஷ்டம்.

3. லயபிலிட்டி: லே செய்தவர் தோற்றால் கொடுக்க வேண்டிய தொகை. மேலே சொன்ன 80. விலை 1.80 இருக்கும்போது இது சிறிதாகத் தெரியும். 15.00இல் 100 ரூபாய் லே செய்தவருக்கு லயபிலிட்டி 1,400. முதல்முறை லே செய்பவர்கள் அதிகம் அடிபடும் இடம் இது.

4. மேட்ச்டு, அன்மேட்ச்டு: எதிராளி கிடைத்துவிட்ட பந்தயம், கிடைக்காமல் வரிசையில் காத்திருக்கும் பந்தயம். எதிராளி இல்லாவிட்டால் பந்தயமே இல்லை.

5. டிக்: விலை நகரக்கூடிய ஆகச்சிறிய படி. பெட்ஃபேரில் 2.00 வரை 0.01, 2இலிருந்து 3 வரை 0.02, 3இலிருந்து 4 வரை 0.05 என்று படி பெரிதாகிக்கொண்டே போகும்.

6. ஸ்பிரெட்: பேக் விலைக்கும் லே விலைக்கும் இடையிலான இடைவெளி.

திரையில் பேக் நீல நிறத்திலும் லே இளஞ்சிவப்பிலும் இருக்கும். இங்கே ஒரு நுணுக்கம். நீலக் கட்டத்தில் 1.80க்குக் கீழே ஒரு தொகை தெரிகிறதே, அது பேக் செய்யக் காத்திருப்பவர்களின் பணம் அல்ல. 1.80இல் லே செய்யத் தயாராக இருப்பவர்கள் ஏற்கெனவே கொண்டுவந்து வைத்த பணம். நாம் நீலத்தைத் தொடும்போது அவர்கள் நமக்கு எதிர்ப்பக்கம் ஆகிறார்கள். சட்டைப்பையில் கையை விடுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: என்னைவிட முன்னால் வந்து இந்த விலையை இங்கே வைத்துவிட்டுக் காத்திருப்பவர் யார்?

இருபக்கமும் விலை வைப்பவர்

பெரும்பாலும் அவர் மார்க்கெட் மேக்கர். ஒரே அணிக்கு இரண்டு பக்கமும் விலை வைத்துக் காத்திருப்பவர். யார் ஜெயிப்பார்கள் என்பதில் அவருக்குக் கருத்து இருக்கலாம். ஆனால் அவர் வருமானம் அந்தக் கருத்திலிருந்து வருவதில்லை.

திரையில் சென்னையின் விலை நீலத்தில் 1.80, இளஞ்சிவப்பில் 1.84 என்று வைத்துக்கொள்வோம். மேக்கர் 1.80இல் லே செய்யவும், 1.84இல் பேக் செய்யவும் ஆர்டர் போட்டு வைத்திருக்கிறார். சென்னை ரசிகர் ஒருவர் அவசரமாக வந்து 1.80இல் பேக் செய்கிறார். சென்னை தோற்கும் என்று நம்பும் இன்னொருவர் 1.84இல் லே செய்கிறார். இருவருக்கும் எதிரே நிற்பது ஒரே மேக்கர்.

அவர் கணக்கு இப்படி வரும். 1.84இல் 10,000 ரூபாய் பேக், 1.80இல் 10,222 ரூபாய் லே.

சென்னை ஜெயித்தால்: பேக்கில் 8,400 வரவு, லேயில் 8,178 செலவு. மிச்சம் 222.

சென்னை தோற்றால்: பேக்கில் 10,000 செலவு, லேயில் 10,222 வரவு. மிச்சம் 222.

எந்த அணி ஜெயித்தாலும் 222. இரு பக்கமும் சமமாக லாபத்தைப் பரப்பிவிடும் இந்தச் செயலுக்குப் பெயர்தான் கிரீன் அப். நம் ஊரில் ‘புக் செட்’. விளம்பரம் சொன்ன மாயம் இவ்வளவுதான்.

இப்போது அதே திரையில், அதே நொடியில், ஒரு சாதாரண ஆள் ‘புக் செட்’ செய்யப் பார்க்கிறார். காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை, கண்ணெதிரே இருக்கும் விலையைத் தொடுகிறார். 1.80இல் 10,000 ரூபாய் பேக். உடனே சமன் செய்ய வேண்டுமானால் 1.84இல் 9,783 ரூபாய் லே செய்ய வேண்டும். முடிவு: எந்த அணி ஜெயித்தாலும் 217 ரூபாய் நஷ்டம். அவர் விட்டது ஏறக்குறைய மேக்கர் எடுத்த அதே தொகை. அவருக்கு லாபம் வர வேண்டுமானால் விலை 1.80க்குக் கீழே இறங்கியாக வேண்டும். அதாவது ஆட்டம் எந்தப் பக்கம் திரும்பும் என்பதை முன்கூட்டியே சரியாகச் சொல்ல வேண்டும். அதைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவருக்கு புக் செட் எதற்கு?

விலை வைத்துக் காத்திருப்பவர் ஸ்பிரெட்டைச் சம்பாதிக்கிறார், வந்து தொடுபவர் ஸ்பிரெட்டைக் கொடுக்கிறார். பங்குச் சந்தையிலும் இதே விதிதான். சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான பிரிவில் பட்டியலாகும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் மூன்று ஆண்டுகள் மார்க்கெட் மேக்கர் இருந்தாக வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையமான செபி விதி வைத்திருப்பது, வாங்க விற்க ஆளே இல்லாமல் முதலீட்டாளர் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. இரு பக்கமும் யாரோ ஒருவர் பணத்தோடு நிற்கும் நிலைமைக்குத்தான் லிக்விடிட்டி என்று பெயர். அதைக் கொடுப்பவருக்குக் கூலிதான் ஸ்பிரெட். அந்தக் கூலியில் அநியாயம் இல்லை.

ஒரு விக்கெட்டின் விலை

அப்படியென்றால் எல்லோரும் மேக்கர் ஆகிவிடலாமே? ஆக முடியாததற்குக் காரணம் கிரிக்கெட்டின் இயல்பிலேயே இருக்கிறது.

மேக்கரின் கணக்கு வேலை செய்ய இரண்டு பக்கமும் ஆள் வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மேட்ச் ஆகி, மறுபக்கம் காத்திருக்கும்போது விக்கெட் விழுந்தால்? 1.80இல் 10,000 ரூபாய் லே மேட்ச் ஆகியிருக்கிறது. எதிரணியின் முக்கிய பேட்ஸ்மேன் அவுட். சென்னையின் விலை 1.50க்குப் பாய்கிறது. தப்பித்து வெளியேற 1.50இல் 12,000 ரூபாய் பேக் செய்ய வேண்டும். சென்னை ஜெயித்தாலும் தோற்றாலும் நஷ்டம் 2,000. ஒன்பது முறை 222 வீதம் சேர்த்தது ஒரே பந்தில் போனது.

இதைவிட மோசமான உண்மை ஒன்று உண்டு. மேக்கரின் விலையை யார் தொடுகிறார்கள் என்பதை மேக்கர் தேர்ந்தெடுக்க முடியாது. ஒன்றும் தெரியாமல் ஆசைக்குக் கட்டும் ரசிகர் தொட்டால் மேக்கருக்கு லாபம். அவரைவிட ஒரு தகவல் முன்னால் தெரிந்தவர் தொட்டால் நஷ்டம். தகவல் தெரிந்தவர்தான் அதிக அவசரத்தோடும் அதிகப் பணத்தோடும் வருவார். பொருளியலில் இதைப் பாதகத் தேர்வு என்பார்கள். மேக்கர் எவ்வளவு பெரிய ஸ்பிரெட் வைக்கிறார் என்பது, எதிரே எத்தனை விவரமானவர்கள் இருக்கிறார்கள் என்று அவர் பயப்படுவதைப் பொறுத்தது. கூட்டம் குறைந்த உள்ளூர் லீக் ஆட்டங்களில் ஸ்பிரெட் அகலமாக இருப்பதற்கு ஆள் குறைவு மட்டும் காரணம் அல்ல. அங்கே விஷயம் தெரிந்தவர் ஒருவர் இருந்தாலே போதும்.

தகவலில் மிக எளியது, பந்து என்ன ஆனது என்பது. பெங்களூரு சின்னசாமி மைதானம் கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரத் தூரம். பந்தயத்தில் அந்தத் தூரத்தை விநாடிகளில் அளக்க வேண்டும். மைதானத்துக் காட்சி கேமராவிலிருந்து ஒளிபரப்பு அறைக்கும், அங்கிருந்து செயற்கைக்கோளுக்கும், பிறகு வீட்டு டிஷ்ஷுக்கும் வந்து சேரச் சில விநாடிகள் ஆகும். செல்போன் ஸ்ட்ரீமிங்கில் அதைவிடக் கூடுதல். கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு செல்போனில் ‘நேரலை’ பார்ப்பவர், பவுலர் ஓடிவருவதைப் பார்க்கும் நேரத்தில், மைதானத்தில் ஸ்டம்ப் சாய்ந்து முடிந்திருக்கும். கேலரியில் உட்கார்ந்து நேரடியாகத் தகவல் அனுப்புபவருக்கு அந்த இடைவெளிதான் மூலதனம். கிரிக்கெட்டில் இதைப் பிட்ச் சைடிங் என்றும் டென்னிஸில் கோர்ட் சைடிங் என்றும் சொல்கிறார்கள். 2014இல் ஆஸ்திரேலிய ஓபன் போட்டியில் இதற்காக ஒரு பிரிட்டன்காரர் கைது செய்யப்பட்டார். பின்னர் வழக்கு கைவிடப்பட்டது.

இதைச் சமாளிக்க எக்ஸ்சேஞ்ச் ஒரு தடுப்பு வைத்திருக்கிறது. ஆட்டம் நடக்கும்போது போடப்படும் ஆர்டரை உடனே ஏற்காமல் சில விநாடிகள் பிடித்து வைக்கும். பெட் டிலே என்பது இதுதான். அந்த விநாடிகளில், வரிசையில் காத்திருக்கும் மேக்கர் தன் விலையை இழுத்துக்கொள்ளலாம். இழுத்துக்கொள்வதற்கு டிலே கிடையாது. கவனியுங்கள், இந்தப் பாதுகாப்பு விலை வைப்பவருக்கு. தொலைக்காட்சி பார்த்துக் கட்டுபவருக்கு அல்ல. நாம் பார்த்து, நினைத்து, கட்டி, டிலே முடிந்து மேட்ச் ஆகிறது என்றால், அந்த விலையை யாரும் இழுத்துக்கொள்ள விரும்பவில்லை என்று பொருள். நல்ல விலையாக இருந்திருந்தால் அது நமக்கு மிஞ்சியிருக்காது.

வரிசையும் எந்திரமும்

ஒரே விலையில் பலர் காத்திருந்தால் முதலில் வந்தவருக்கு முதலில் மேட்ச் ஆகும். ஆகவே 1.80இல் ஐம்பது லட்சம் காத்திருக்கும்போது நாம் பின்னால் போய் நின்றால், அந்த ஐம்பது லட்சமும் தீர்ந்த பிறகுதான் நம் முறை. பெரும்பாலும் விலை நமக்கு எதிராகத் திரும்பும் நேரத்தில்தான் அது தீரும். வரிசையில் முன்னால் நிற்பதே ஒரு சொத்து. அதற்காகவே மேக்கர்கள் கையால் இந்த வேலையைச் செய்வதில்லை. எக்ஸ்சேஞ்ச் தரும் ஏபிஐ என்ற இணைப்பு வழியாக மென்பொருளை நேரடியாக இணைத்து, பல ஆட்டங்களில் விலை வைக்கவும் இழுக்கவும் செய்கிறார்கள். ‘பாட்’ என்று செய்திகளில் வருவது இந்த மென்பொருள்தான்.

எந்திரம் பிசகினால் என்ன ஆகும் என்பதற்குப் புகழ்பெற்ற சாட்சி 2011 டிசம்பர் 28, அயர்லாந்தின் லெப்பர்ட்ஸ்டவுன் குதிரைப் பந்தயம். வோலர் லா வெடெட் என்ற குதிரை எளிதாக ஜெயிக்கப்போகிறது என்பது பார்ப்பவர் எல்லோருக்கும் தெரிந்த நேரத்தில், பெட்ஃபேரில் அந்தக் குதிரைமேல் 28க்கு 1 (தசமத்தில் 29.00) என்ற விலையில் 2.1 கோடி பவுண்டு அளவுக்கு லே காத்திருந்தது. குதிரை ஜெயித்தால் லே வைத்தவர் கொடுக்க வேண்டியது ஏறக்குறைய 60 கோடி பவுண்டு. கண்டவர்கள் பாய்ந்து கட்டினார்கள். பிறகு நிறுவனம் விளக்கியது: ஆயிரம் பவுண்டுகூடக் கணக்கில் இல்லாத ஒருவரின் பாட், மென்பொருள் கோளாறால் வரம்பைத் தாண்டிவிட்டது. ஆட்டம் தொடங்கிய பின் கட்டிய பந்தயங்கள் ரத்து. ஜெயித்ததாக நினைத்தவர்கள் கூச்சலிட்டார்கள், பயனில்லை. உரிமமும் ஒழுங்குமுறை ஆணையமும் உள்ள நாட்டில் நடந்தது இது.

நிறுவனத்தின் பங்கையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு சந்தையிலும் நிகர லாபத்தில் கமிஷன் எடுத்தது போதாதென்று, தொடர்ந்து ஜெயிக்கும் சிறு கூட்டத்திடம் கூடுதலாக வசூலிக்க 2008இல் பிரீமியம் சார்ஜ் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது பெட்ஃபேர். 2011இல் சிலருக்கு அது லாபத்தில் 60 சதவீதம் வரை போனது. எல்லோருடைய லாப நஷ்டத்தையும் கூட்டினால் பூஜ்யம். கமிஷன் கழித்தால் பூஜ்யத்துக்கும் கீழே. அந்தப் பள்ளத்தை நிரப்பப் புதிதாக நஷ்டப்படுபவர்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

நம் ஊர் செல்போனுக்கு வருவது எக்ஸ்சேஞ்ச் அல்ல

இதுவரை சொன்னது உண்மையான எக்ஸ்சேஞ்சைப் பற்றி. மாவட்டச் செய்திகளில் வருவது பெரும்பாலும் அதன் சட்டையைப் போட்டுக்கொண்ட வேறொன்று. நீலம், இளஞ்சிவப்பு, தசம விலை எல்லாம் அப்படியே இருக்கும். ஆனால் கணக்குத் தொடங்குவது வாட்ஸ்அப்பில் ‘ஐடி’ வாங்கி. பணம் போவது யாரோ ஒரு தனிநபரின் வங்கிக் கணக்குக்கு. வருவது பணமல்ல, பாயிண்ட். ஐடிக்கு மேலே ஏஜென்ட், அவருக்கு மேலே மாஸ்டர், சூப்பர் மாஸ்டர் என்று அடுக்கு. இந்த அடுக்கு முழுவதற்கும் பேனல் என்று பெயர்.

மேக்கருக்கும் ஏஜென்டுக்கும் உள்ள வேறுபாடுதான் இங்கே முக்கியம். மேக்கருக்கு நாம் ஜெயிக்கிறோமா தோற்கிறோமா என்பது பொருட்டல்ல. மறுபக்கம் ஆள் வந்தால் போதும். பேனலில் வாடிக்கையாளரின் நஷ்டமே மேலே உள்ளவர்களின் லாபம். அதைச் சதவீதம் பேசிப் பிரித்துக்கொள்கிறார்கள். 2023இல் மகாதேவ் என்ற பந்தயச் செயலி வழக்கில் அமலாக்கத் துறை சொன்னதும் இதுதான்: பேனல்கள் 70:30 என்ற லாப விகிதத்தில் கிளைகளாகக் கொடுக்கப்பட்டிருந்தன. லாபத்தை இப்படிப் பங்கு போடும் இடத்தில் ஜெயித்துக்கொண்டே இருக்கும் ஐடி யாருக்கும் பிடிக்காது. அதை முடக்குவதற்கு ஒரு பொத்தான் போதும், விளக்கம் கேட்க அலுவலகம் கிடையாது.

இந்தத் தளங்களில் ‘ஃபேன்சி’, ‘செஷன்’ என்று ஒரு பகுதி உண்டு. அது எக்ஸ்சேஞ்சே அல்ல. தளமே வைக்கும் விலை. ஆறு ஓவரில் எடுக்கப்படும் ரன்னுக்கு 47–48 என்று போட்டிருந்தால், ‘நோ’ கட்டியவருக்கு 46 அல்லது அதற்குக் கீழே வர வேண்டும், ‘எஸ்’ கட்டியவருக்கு 48 அல்லது அதற்கு மேல். சரியாக 47 ரன் வந்தால் இரண்டு பேரும் தோற்கிறார்கள். தளம் இரண்டு பக்கமும் வாங்கிக்கொள்கிறது. ஒவ்வொரு பந்துக்கும் முன் ‘பால் ரன்னிங்’ என்று திரை பூட்டிக்கொள்வதும் அதே காரணத்தால்தான். எக்ஸ்சேஞ்சில் டிலே செய்யும் வேலையை இங்கே பூட்டு செய்கிறது, பூட்டின் சாவி எதிராளியின் கையில்.

சட்டத்தின் கண்ணில்

‘டிரேடிங்’ என்று பெயர் வைத்தால் சட்டத்தில் ஏதாவது மாறுமா? மாறாது. அதன் காரணம் பலருக்குத் தெரிவதில்லை.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 30ஆம் பிரிவு, பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஜெயித்த பணத்தைத் தரவில்லை என்று யாரும் நீதிமன்றம் போக முடியாது. பங்குச் சந்தையின் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வணிகமும் வெளிப்பார்வைக்குப் பந்தயம்போலத்தான் இருக்கிறது. ஆனால் 1956ஆம் ஆண்டின் பத்திர ஒப்பந்தச் சட்டத்தில் 1999இல் 18ஏ என்ற பிரிவைச் சேர்த்து, அங்கீகரிக்கப்பட்ட சந்தையில் நடக்கும் அத்தகைய ஒப்பந்தங்கள் செல்லும் என்று நாடாளுமன்றம் தனியாகச் சொல்லியிருக்கிறது. கிரிக்கெட் ஆட்டத்தின் முடிவுக்கு அப்படி ஒரு பிரிவு இல்லை. ‘ஆம், இல்லை’ என்று விலை வைத்து விற்ற ‘ஒப்பினியன் டிரேடிங்’ தளங்களைப் பற்றி 2025 ஏப்ரலில் செபி எச்சரித்ததும் இதைத்தான்: இவை எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை, முதலீட்டாளர் பாதுகாப்பு எதுவும் இவற்றுக்குக் கிடையாது.

தண்டனைக்கு இரண்டு சட்டங்கள். தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு இணையவழி சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆடுபவருக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். விளம்பரம் செய்பவருக்கு ஓராண்டு வரை, நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறை. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியலிலிருந்து நீக்கியது. சட்டத்தைச் செல்லும் என்றே சொன்னது. அடுத்தது 2025 ஆகஸ்ட் 22இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டு எதுவானாலும், திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியே இல்லாமல், அது தடை செய்கிறது. நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும். விளம்பரத்துக்கு இரண்டாண்டு, 50 லட்சம். மத்தியச் சட்டம் ஆடுபவரைத் தண்டிப்பதில்லை. மாநிலச் சட்டம் தண்டிக்கிறது. ‘ஆடுபவர்மேல் வழக்கே வராது’ என்று குழுக்களில் பரவும் செய்தி இந்தப் பாதி உண்மையிலிருந்து கிளம்பியது.

கைது செய்திகளில் கடைசி வரியாக வரும் ‘வங்கிக் கணக்குகள் முடக்கம்’ என்பதற்குத்தான் இந்த இரு மாவட்டங்களில் அதிகம் பயப்பட வேண்டும். பேனலுக்குப் பணம் வாங்கத் தனிநபர் கணக்குகள் வேண்டும். பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் மாத வாடகைக்குக் கொடுப்பவர்கள் பந்தயமே கட்டியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கணக்கில் வேறெங்கோ ஒருவரிடம் ஏமாற்றி வாங்கிய பணமும் கலந்து வரும்போது, ஏமாந்தவர் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைத்துப் புகார் கொடுத்ததும், பணம் போன பாதையில் உள்ள கணக்குகள் ஒவ்வொன்றாக நிறுத்தப்படும். விசாரணைக் கடிதம் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் முகவரிக்கு வரும். அது வேறு மாநிலக் காவல் நிலையத்திலிருந்தும் வரலாம். அந்தக் கணக்கில்தான் சம்பளமோ, பால் சொசைட்டிப் பணமோ, நூறு நாள் வேலைக் கூலியோ வருகிறது என்றால், வழக்கு முடியும்வரை அதையும் எடுக்க முடியாமல் போகலாம். அப்படி முடக்கப்பட்டால் முதலில் வங்கிக் கிளையில் எந்தக் காவல் நிலையம், எந்தப் புகார் எண், எவ்வளவு தொகை என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பிரச்சினைக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவிக்கக் கேட்பதற்கு அந்த மூன்றும் தேவை.